விறைப்பான பழைய தோல் கைப்பைகள்: உழைப்பும் சீரமைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது தோள்பையையோ துணிபோல் மடங்கும் பையையோ பற்றியல்ல. மேசையில் வைத்தால் தானாக நிமிர்ந்து நிற்கும் பைகளைப் பற்றி: 1930களில் பிறந்து, நடிகையும் மொனாக்கோ இளவரசியுமான கிரேஸ் கெல்லியின் கையில் 1956இல் புகழ்பெற்று, 1977இல் அவர் பெயரையே ஏற்ற ஹெர்மெஸ் கெல்லி, 1968இல் பிரிட்டிஷ் அரச முத்திரை பெற்ற லானர், 1947இல் வந்த, மூங்கில் பிடி போட்ட கூச்சி (Gucci) பை, 1940 முதல் 1960கள் வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்த, உலோகச் சட்டம் வைத்த எண்ணற்ற பைகள். இவற்றைக் காப்பாற்றும் முறையே வேறு.

இந்தப் பைகள் எத்தனை ஆண்டு உழைக்கும்? முதலில் கெடுவது எது?

நல்ல கன்றுத்தோலில் செய்து, ஈரம் படாமல் வைத்த பை அறுபது, எழுபது ஆண்டுக்குப் பிறகும் கையில் எடுத்துப் போகும் நிலையில் இருக்கும். தோல் பெரும்பாலும் கடைசியில்தான் போகிறது. அதற்கு முன்னால் போவது கண்ணுக்குத் தெரியாதவை: ரப்பர் பசை காய்ந்து பொடியாகும், அடி அட்டை ஈரம் குடித்து வளையும், கைப்பிடி வேரில் நூல் அறும், லைனிங் கிழியும். பை தொய்ந்ததும் தோல் தவறான இடத்தில் மடிகிறது, அந்த மடிப்பில் வெடிக்கிறது. அதனால் சீரமைப்பு உள்ளிருந்து தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே எண்ணெயும் சாயமும் பூசுவது, விரிசல் விட்ட சுவருக்கு வெள்ளையடிப்பது போல.

வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

சமதளத்தில் வைத்து, நான்கு மூலையும் தரையைத் தொடுகிறதா பாருங்கள். ஒரு மூலை தூக்கினால் அட்டை வளைந்திருக்கிறது அல்லது சட்டம் முறுகியிருக்கிறது. அட்டையை மாற்றலாம்; முறுகிய சட்டத்தை நேராக்கும்போது கீல் உடையும் வாய்ப்பு அதிகம்.

பிறகு முழுதாகத் திறந்து, பக்கத்தோலின் அடிமடிப்பை டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர்கள் படம் போடாத இடம் இதுதான். அங்கே நெடுக வெடிப்பு இருந்தால் விலையைப் பாதியாகப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கைப்பிடி சேரும் இடத்தை இரு விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். வளையம் தேய்ந்து மெலிந்திருக்கிறதா, தையல் துளைகள் நீண்டு கிழிந்திருக்கின்றனவா என்பது தெரியும். வெள்ளைப் பருத்தித் துணியால் உட்புறமும் வெளிப்புறமும் துடையுங்கள். செம்பழுப்புப் பொடி ஒட்டினால் கீழே உள்ள சிவப்பு அழுகல் பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். மூக்கையும் நம்புங்கள்: மக்கிய வாடை லைனிங்குக்குள் போயிருந்தால், லைனிங் மாற்றாமல் அது போகாது.

குரோம் உப்பில் பதனிட்ட தோலா, மரப்பட்டையில் பதனிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாயம் பூசாத வெட்டு விளிம்பு எங்காவது இருக்கும். உள்பையின் ஓரம், கொக்கியின் பின்புறம். அதன் நடுப்பகுதி சாம்பலோ இளநீலமோ ஆக இருந்தால் குரோம். நெடுகப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைப் பதனீடு. மறைவான இடத்தில் ஊசிமுனை அளவு நீர் வைத்தாலும் தெரியும்: பட்டைத் தோல் சில நொடிகளில் கறுக்கும்.

இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அல்ல. குரோம் தோல் வெப்பத்தைத் தாங்கும், காற்றின் அமிலத்தையும் தாங்கும். பட்டைத் தோல் நல்ல நிலையில் இருக்கும்போதே ஈரத்தோடு 70 முதல் 85 டிகிரி செல்சியஸில் சுருங்கிவிடும். நைந்து போனதென்றால் 40 டிகிரியிலேயே சுருங்கலாம். தலைமுடி உலர்த்தியால் ஈரப் பையைக் காயவைத்து, பலகைபோல் ஆக்கிவிடுவது இப்படித்தான். அந்தச் சுருக்கம் திரும்பாது.

பழைய கெல்லிகளில் நிறைய வரும் பாக்ஸ் காஃப் குரோம் பதனிட்ட, மெருகேற்றிய கன்றுத்தோல். கீறலை எளிதில் மன்னிக்கும், மழைத்துளியை மன்னிக்காது. துளி விழுந்த இடத்தில் கொப்புளம் எழும். அப்படி ஆனால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, அறை வெப்பத்தில் தானாகக் காயவிடுங்கள். பல கொப்புளங்கள் அடங்கிவிடும்.

சுத்தம் செய்யும் முறை?

முதலில் உலர் முறை. மென்மையான தூரிகையால் தையலிலும் சட்ட ஓரத்திலும் உள்ள தூசியைத் தள்ளி, வாக்குவம் குழாயின் வாயில் மெல்லிய துணி கட்டி உறிஞ்சுங்கள். லைனிங்கைத் தலைகீழாக இழுக்க முடியாத பைகளில் மூலைக் குப்பையை மரக்குச்சியால் கிளறிவிட்டு உறிஞ்ச வேண்டும்.

பிறகு, தோலுக்கென்று விற்கும் நடுநிலையான அல்லது இலேசான அமிலத்தன்மை கொண்ட திரவம். அதை நேரே பையில் ஊற்றாமல், பிழிந்த பஞ்சில் எடுத்து மறைவிடத்தில் சோதியுங்கள். பஞ்சில் நிறம் இறங்கினால் அத்தோடு நிறுத்துங்கள். ஒரு முகத்தை முடித்து, உலர்ந்த துணியால் துடைத்து, அடுத்ததற்குப் போங்கள். 24 மணி நேரம் நிழலில் காய வேண்டும்.

சேணத்துக்கான சோப்பு காரத்தன்மை உடையது. தோல் அமிலத்தன்மை உடையது. புதிய சேணம் தாங்கலாம்; எழுபது வருடப் பட்டைத் தோல் கறுத்து விறைக்கும். குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான், பாத்திர சோப்பு, வினிகர் எதுவும் வேண்டாம்.

தொட்டியில் முழுக்கி ஊறவைத்து எடுப்பதாகச் சொல்கிறார்களே?

அது லைனிங்கும் அட்டையும் இல்லாத, கனமான தோலை வெட்டித் தைத்த, அமெரிக்காவின் கோச் (Coach) நிறுவனத்தின் பழைய பைகளுக்காக வந்த பழக்கம். விறைப்பான பையில் செய்தால் அட்டை ஊதும், பசை விடும், சட்டத்தின் உள்ளே எஃகு துருப்பிடித்துத் தோலில் கறையாக வெளிவரும். செய்யாதீர்கள்.

எந்த எண்ணெய், எவ்வளவு, எத்தனை முறை?

வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. நடுத்தரப் பைக்கு அரைத் தேக்கரண்டி கிரீம் போதும்; அதுவும் துணியில் தேய்த்துப் பரப்பிய பிறகே பையைத் தொட வேண்டும். பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். சாயப்பூச்சு உள்ள தோலில் எண்ணெய் உள்ளே போகவே போகாது, மேலே நின்று தூசி சேர்க்கும்.

கூடுதலானால் என்ன கெடுதல்? எண்ணெய் நார்களை வழுக்கவிடுகிறது. விறைப்பே இந்தப் பையின் உயிர். முகத்தோல் தளர்ந்தால் உள்ளிருக்கும் அட்டையோடு ஒட்டாமல் அலையலையாக எழும். எண்ணெய் பசையையும் கரைக்கும், பித்தளையில் களிம்பையும் வளர்க்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது; குளிரூட்டிய அறையில் தோலின் மேல் வெள்ளையாகப் பூக்கும். நல்லெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் நாளடைவில் சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுக்கும். பிரிட்டிஷ் மியூசியம் பெயரில் நெடுங்காலம் புழங்கிய கம்பளிக்கொழுப்பு, தேன்மெழுகுக் கலவையையே இன்றைய பாதுகாப்பாளர்கள் வழக்கமாகப் பூசுவதை நிறுத்திவிட்டார்கள்.

காய்ந்த தோல் வெடித்த பிறகு எந்த எண்ணெயும் வெடிப்பை ஒட்டவைக்காது.

பை அடியில் தொங்குகிறது. அட்டையை மாற்ற முடியுமா?

முடியும். இதுதான் ஒரு பையின் ஆயுளை அதிகம் நீட்டும் வேலை, பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

1. சட்டத்தைத் தொடாதீர்கள். லைனிங்கின் அடித்தையலில் 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை நூலைப் பிரியுங்கள். பழைய அட்டையைப் பெரும்பாலும் அந்த வழியே உருவிவிடலாம். நொறுங்கியிருந்தால் துண்டு துண்டாக எடுத்து, மேசையில் சேர்த்துவைத்து அளவெடுங்கள்.

2. அடியில் உலோகக் குமிழ்க் கால்கள் இருந்தால் அவற்றின் இரட்டைக் காம்பு அட்டையைத் துளைத்து உள்ளே மடக்கப்பட்டிருக்கும். ஒருமுறை நிமிர்த்தலாம். இரண்டாவது முறை பெரும்பாலும் முறியும். எனவே நிமிர்த்துவதற்கு முன் துளைகளின் இடத்தைக் காகிதத்தில் குறியுங்கள்.

3. புதிய அட்டைக்குத் தோல்நார் அட்டை அல்லது புத்தகக் கட்டுமானத்துக்கான அமிலமற்ற சாம்பல் அட்டை. பழையதன் தடிமனையே பின்பற்றுங்கள், பெரும்பாலும் 1.5 முதல் 2.5 மில்லிமீட்டர். ஒரே தடித்த அட்டையைவிட, நார் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு 1 மில்லிமீட்டர் அட்டைகளைப் பிவிஏ என்ற வெள்ளைப் பசையால் ஒட்டி, கனத்த புத்தகங்களின் கீழ் 24 மணி நேரம் அழுத்தி எடுத்தது வளையாமல் நிற்கும். பிளைவுட், பிளாஸ்டிக் தகடு வேண்டாம். அவற்றின் விளிம்பு மூலைத் தோலை உள்ளிருந்து அறுக்கும்.

4. நான்கு பக்கமும் 1 மில்லிமீட்டர் குறைத்து வெட்டி, மூலைகளை உருட்டி, விளிம்பை உப்புத்தாளால் சாய்த்துவிடுங்கள். அளவு சரியாக முட்டினால் தையல் பிதுங்கும், வெளியே அட்டையின் தடம் தெரியும்.

5. அட்டை முழுதும் பசை தடவி முகத்தோலோடு ஒட்டுவதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை. ஈரப்பதம் மாறும்போது தோல் விரிந்து சுருங்கும், அட்டை அதே அளவில் அசையாது; சில மாதங்களில் சுருக்கம் விழும். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பசை போதும்.

6. பழைய துளைகள் வழியே லைனிங்கைத் தைத்து மூடுங்கள்.

பக்கங்கள் மட்டும் சரிந்திருந்தால் அட்டை வேலை தேவையில்லாமல் போகலாம். மூடிய பெட்டியில், பையைத் தொடாதபடி ஈர உறிஞ்சுதாள் வைத்து, ஈரப்பதம் 65, 70 சதவீதத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரம் வையுங்கள். தோல் சற்று இளகும். அமிலமற்ற தாளை உள்ளே அடைத்து, வடிவம் கொடுத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். இரவு முழுக்க மறந்து விட்டுவிட வேண்டாம், பூசணத்துக்கு அதுவே விருந்து. பட்டைத் தோல் பொடியாகத் தொடங்கியிருந்தால் இம்முறை கூடாது.

தோல் உலோகச் சட்டத்திலிருந்து கழன்றுவிட்டது.

சட்டத்தின் காடியில் காய்ந்த பசையை மரக்குச்சியாலும் மழுங்கிய கத்தியாலும் முழுக்கச் சுரண்டி எடுங்கள். பழைய பசையின் மேல் புதியது நிற்காது. தோல் ஓரம் நைந்திருந்தால் பின்புறம் 0.4 மில்லிமீட்டர் ஆட்டுத்தோல் பட்டையோ கெட்டியான பருத்தித் துணியோ ஒட்டி, சில மில்லிமீட்டர் நீட்டிவிடுங்கள். காடிக்குள் போகப்போவது அந்தப் பட்டைதான்.

சட்டத்திலும் பையிலும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். காடிக்குள் பசையை மெலிதாகத் தடவி, கையில் இழையும் பதம் வந்ததும் நடுவிலிருந்து மூலை நோக்கித் தோலைச் செருகுங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் மறுமூலையில் தோல் மிஞ்சும். முறுக்கிய காகிதக் கயிற்றைத் தோலுக்கும் உலோகத்துக்கும் இடையில், லைனிங் பக்கமாக, மழுங்கிய தட்டைத் திருப்புளியால் அழுத்தி நிரப்புங்கள். பிடிப்பைக் கொடுப்பது பசையைவிட இந்தக் கயிறுதான். நான்கு முனைகளில் மட்டும், தோல் சுற்றிய குறட்டால் காடியை நசுக்குங்கள். நெடுக நசுக்கினால் சட்டம் அலையடித்து முலாம் உரியும். ஒரு நாள் வரை பையைத் திறக்கக் கூடாது.

சூப்பர் குளூ உறைந்து கண்ணாடியாகும், தோலைக் கறையாக்கும், அடுத்த தலைமுறை அதைக் கழற்றவும் முடியாது.

கைப்பிடித் தையல் அறுந்துவிட்டது. எந்த நூலால் தைப்பது?

மெழுகிட்ட லினன் நூல், ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். நீளம் தையலின் நான்கு மடங்கும் கூடுதலாக 30 சென்டிமீட்டரும். இரண்டு முனைகளிலும் மழுங்கிய ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டும் எதிரெதிராகப் போக வேண்டும். கெல்லி போன்ற பைகளின் சேணத் தையல் இதுவே. ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்திருக்கும். இயந்திரத் தையலில் அந்தக் காப்பு இல்லை.

புதுத் துளை போடவே கூடாது. பழைய துளைகளுக்கு இடையில் குத்தூசியால் இன்னொன்று குத்தினால், எடை ஏறிய அன்றே தோல் அந்தக் கோட்டில் பிளக்கும். இறுக்கமும் அளவாக வேண்டும். நூல் தோலில் புதைந்தால் கூடுதல். இறுதியில் மூன்று தையல் பின்னோக்கிப் போட்டு நறுக்குங்கள். பாலியெஸ்டர் நூல் மக்காது, ஆனால் பழைய தோலைவிட வலுவானது; சுமை மிஞ்சும்போது அறுவது நூலாக இருக்க வேண்டும், தோலாக இருக்கக் கூடாது. அதனால் லினனையே சொல்கிறோம்.

சீர்செய்த பிடியில் ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

கீறலும் மூலைத் தேய்வும்?

பாக்ஸ் காஃபில் மேலோட்டக் கீறலுக்கு அதே நிற மெழுகு கிரீமை மிகச் சிறிதளவு தடவி, எலும்புத் தகட்டாலோ கரண்டியின் முதுகாலோ ஒரே திசையில் தேய்த்தால் பெரும்பாலும் மறையும்.

மூலையில் நார் வெளியே வந்திருந்தால், நீர் கலந்த அக்ரிலிக் பைண்டரால் நாரைப் படியவைத்து, காய்ந்ததும் 600, பிறகு 1000 எண் உப்புத்தாளால் தேய்த்து, குழியிருந்தால் தோல் நிரப்பியை மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை இட்டு, பிறகு நிறம். தேவைக்கு ஒரு படி வெளிறிய நிறத்தில் தொடங்கி, பகல் வெளிச்சத்தில் பார்த்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி நான்கைந்து மெல்லிய பூச்சு. தடித்த ஒரே பூச்சு முதல் மடிப்பிலேயே உரியும்.

பை முழுவதற்கும் நிறம் பூசுவதை எதிர்க்கிறோம். ரோமக்கண்கள் அடைபடும், முத்திரை எழுத்து மங்கும், பழையதன் முகமே போய்விடும்.

வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூசணமா?

உலர்த்தியை இளஞ்சூட்டில், ஒரு சாண் தள்ளி, சில நொடி காட்டுங்கள். உருகி மறைந்தால் அது தோலிலிருந்து வெளிவந்த கொழுப்பு. துணியால் துடைத்தால் போதும். அப்படியே நின்றால், பஞ்சு பஞ்சாக இருந்தால், மக்கிய வாடையும் வந்தால் பூசணம்.

பூசணமென்றால் மற்ற பைகளிடமிருந்து பிரித்து, முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் துடையுங்கள். முதலில் ஈரப்பதம் 55க்குக் கீழே உள்ள இடத்தில் இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள்; ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் வித்துகள் தோலுக்குள் இறங்கும். பிறகு, மறைவிடச் சோதனையில் நிறம் இறங்காவிட்டால், 70 சதவீத ஆல்கஹால் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றுங்கள்.

பித்தளையில் பச்சையாக மெழுகுபோல் திரள்கிறதே?

தோலிலுள்ள கொழுப்பமிலமும் பித்தளையின் செம்பும் சேர்ந்து உண்டாகும் களிம்பு அது. மரப் பல்குத்தியால் உலர்ந்தபடியே எடுத்து, பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு உலோகத்தை மட்டும் துடையுங்கள். சுற்றியுள்ள தோலைப் பிளவிட்ட பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொள்ளுங்கள். வீட்டுக் குத்துவிளக்கு துலக்கும் புளியும் எலுமிச்சையும் இங்கே வேண்டாம். அமிலம் தையல் வழியே தோலுக்குள் போய்விடும். பாலிஷும் முலாம் இல்லாத திடப் பித்தளைக்கு மட்டும். தங்க முலாம் மிக மெல்லியது, சில தடவை தேய்த்தாலே அடியிலுள்ள உலோகம் எட்டிப்பார்க்கும்.

தொட்டால் செம்பொடி உதிர்கிறது. காப்பாற்ற முடியுமா?

இது சிவப்பு அழுகல். பட்டைத் தோல் காற்றிலுள்ள கந்தக டைஆக்சைடை உறிஞ்ச, அது உள்ளேயே கந்தக அமிலமாகி நார்களை அறுக்கிறது. எல்லாப் பட்டையும் ஒன்றல்ல. நம் பக்கத்து ஆவாரம்பட்டையில் பதனிட்டு, சென்னைத் துறைமுகம் வழியே இங்கிலாந்துக்குப் போன கிழக்கிந்தியத் தோல்கள் இதற்கு எளிதில் ஆளாகும் வகை. புத்தகக் கட்டுமானத் தோல்களை ஆராய்ந்து 1905இல் லண்டனில் வெளியான குழு அறிக்கை அவற்றைக் கடுமையாகக் குறை சொன்னது. சுமாக் இலையில் பதனிட்டவை அதைவிட நன்றாகத் தாங்கின. குரோம் தோலுக்கு இந்நோய் இல்லை. பாக்ஸ் காஃப் பையில் செம்பொடி கண்டால் லைனிங் தோலைச் சந்தேகியுங்கள்.

திருப்ப முடியாது, நிறுத்திவைக்கலாம். ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற பிணைப்புப் பொருளை எத்தனாலில் 1 முதல் 2 சதவீதம் கரைத்து மென்தூரிகையால் பூசினால் பொடி கட்டுப்படும். நிறம் சற்று ஆழமாகலாம். தண்ணீர் பட்டால் அந்த இடம் கறுத்து விறைத்து நிரந்தரமாகக் கெடும். அந்தப் பை அலமாரிக்கு, கைக்கு அல்ல.

உள்ளே பிசுபிசுப்பு, சிகரெட் வாடை?

பிசுபிசுப்பது பாலியூரித்தேன் அல்லது வினைல் லைனிங் சிதைவதால். பவுடர் தூவினால் சில வாரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே. 0.5 முதல் 0.7 மில்லிமீட்டர் ஆட்டுத்தோலோ கெட்டிப் பருத்தியோ போட்டு மாற்றுவதுதான் தீர்வு. வாடைக்கு, மூடிய பெட்டியில் பையைத் திறந்துவைத்து, பக்கத்தில் கிண்ணத்தில் கரித்தூள் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். கரி தோலைத் தொடக் கூடாது.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஈர ஊர்களில் எப்படி வைப்பது?

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். 65ஐத் தாண்டினால் பூசணம் தொடங்கும், 40க்குக் கீழே போனால் தோல் காயும். கேமராவுக்கென விற்கும் உலர்பெட்டி இதற்கு மிகப் பொருத்தம். இல்லையென்றால் சிறு ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறியதும் ஜெல்லை ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோ மழைக்காலத்தில் வியர்க்கும்; அதில் வேண்டாம். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், பருத்தி உறை போதும். செய்தித்தாள் அடைத்தால் மை ஏறும். கைப்பிடியில் தொங்கவிடாமல் நிமிர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் திறந்து காற்றாட விடுங்கள்.

சீர்செய்தால் மதிப்பு குறையுமா? முதலைத் தோல் பை என்றால்?

தையல், அட்டை, சட்டம் ஆகியவற்றை அதே பொருளால் சரிசெய்தால் பொதுவாகக் குறையாது. நிறம் மாற்றினால், உலோகப் பாகங்களை வேறாக்கினால் குறையும். ஹெர்மெஸ் தன் பைகளைத் தானே பழுதுபார்க்கிறது. விலை உயர்ந்த பையை வெளியாளிடம் கொடுக்கும் முன் அங்கே கேளுங்கள், வெளியே மாற்றிய பாகங்கள் இருந்தால் எடுத்துக்கொள்ள மறுக்கக்கூடும். யாரிடம் கொடுத்தாலும் வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள், கழற்றிய அட்டை, குமிழ், நூல் எல்லாவற்றையும் உறையில் போட்டுத் திரும்பக் கேளுங்கள்.

முதலைத் தோலுக்கு நீர் மிகக் குறைவாக. செதில்களின் ஓரம் தூக்கிக்கொள்ளும், துடைப்பதும் செதில் படிந்த திசையில்தான். எல்லை கடந்து அனுப்புவதானால், பழுதுபார்க்க மட்டுமே போகிறதென்றாலும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 1975 முதல் நடப்பிலுள்ள சைட்டீஸ் (CITES) உடன்பாட்டின்படி அனுமதிச் சீட்டு தேவைப்படலாம். அதை வாங்காமல் அனுப்பினால் சுங்கத்தில் பை பறிமுதலாகலாம். எனவே முதலில் சீட்டு, பிறகு பார்சல்.